கல்லீரல் நோயாளியைச் சிலந்தி கடித்தால்

நேயர்களுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டியவர். ஒரு நாள் காலை, கணுக்காலுக்கு மேலே அருகருகே இரண்டு சிவப்புப் புள்ளிகளோடு எழுந்தார். அத்தை மஞ்சள் அரைத்துப் பூசினார். வலி பொறுக்காமல் மாமா இபுபுரோஃபென் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் முழங்கால் வரை சிவந்து, குளிரில் பல் கிட்டியது. சிறுநீரும் நின்றுபோனது.

வைக்கோல் நிறத்தில், இரவில் படுக்கையில் ஊரும் சாக் சிலந்தியாக இருக்கலாம் என்றார்கள். என் பேரனைக் கடித்திருந்தால் சிறு புண்ணாகி ஆறியிருக்கும். மாமாவைச் சாய்க்கப் பார்த்தது விஷமல்ல, புண் வழியே ஏறிய கிருமி. இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டுவது கல்லீரல்தான். அது நலிந்தால் காலில் தொடங்கிய கிருமி உடலெங்கும் பரவிவிடும். இரத்தம் உறையவைக்கும் பொருள்களும் குறைவதால் புண் எளிதில் கசியும். இபுபுரோஃபெனோ சிறுநீரகத்தை முடக்கி, வயிற்றிலும் இரத்தம் கசியவைக்கும். பனாடோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை, கொடுக்கலாம்; ஆனால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது நான்கு மாத்திரைதான் எல்லை. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அது மூளையை மயக்கத்தில் தள்ளிவிடும்.

சிலந்திக்கடி என்று நாம் சொல்லும் பல புண்கள், சிலந்தியே தொடாத கிருமிப்புண்கள். கல்லீரல் நோயாளிக்கு எதுவானாலும் ஆபத்து ஒன்றுதான். சோப்பும் நீரும் விட்டுக் கழுவுங்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல், நடுக்கம், தடுமாறும் பேச்சு வந்தாலோ இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கறுப்புப் பட்டன் சிலந்தி வேறு ரகம். அதன் விஷம் நரம்பைத் தாக்கும். வியர்த்துக் கொட்டும், தசை பிடித்துக்கொள்ளும், வயிறு பலகைபோல் இறுகும். முறிமருந்து உண்டு. ஆனால் நீர் கட்டிய வயிற்றில் கிருமி புகுந்தாலும் வலி கொல்லும். ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட இடமுண்டு. அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் இரண்டையும் சொல்லுங்கள்: கடித்ததையும், கல்லீரல் நோயையும்.

மாமாவுக்குப் புண் ஆற இரண்டு மாதமானது.