பிரியாணிக்குப் பணம் வருகிறது, கண்ணாடிக்கு வருவதில்லை

(கொழிஞ்சாம்பாறையில் நடந்த பிள்ளைகள் இல்லத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு என்றதும் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் அந்த நாலு பக்கத்தையும் வாசிக்கவில்லை. வாசலில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட எப்போதும் ஆள் இருக்கிறது. பிறந்தநாள், கல்யாண நாள், தாத்தாவுக்குத் திதி என்று பொள்ளாச்சியிலிருந்துகூட வண்டி போட்டு வருகிறார்கள், ஒரு ஞாயிறு மூன்று வீட்டுப் பிரியாணி ஒன்றாக வந்து, கடைசியாக வந்தவர் முகம் வாடக்கூடாது என்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கஞ்சியும் பயறும்தான். அலமாரியைத் திறந்தால் ஸ்கூல் பைகள் தலையில் விழும், எல்லாம் ஜூன் மாதம் வந்தவை. ஆனால் பிப்ரவரியில் ஏழாவது படிக்கிற பையன் ஒருவன், உடைந்த கண்ணாடிக் காலைக் கறுப்பு டேப் சுற்றி மூன்று வாரம் போட்டுக்கொண்டிருந்தான். கையில் பணம் இருந்தது, ஆனால் அத்தனையும் "சாப்பாட்டுக்கு மட்டும்", "துணிக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்த பணம்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டுமில்லை. 1946-ல் தொடங்கிய யுனிசெஃப் முழுக்க முழுக்க மனமுவந்து தரும் பணத்தில்தான் நடக்கிறது. அங்கேயும் பெரும்பகுதி இந்த வேலைக்கு, இந்த நாட்டுக்கு என்று கட்டுப்போட்டுத்தான் வருகிறது.

அப்புறம் மார்ச் மாதம். வரிக்கழிவு ஞாபகம் வந்து கடைசி வாரத்தில்தான் பலர் கொடுப்பார்கள். ஆனால் இல்லத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் நம் வரவில் 85 சதவீதத்தை மார்ச்சோடு முடிகிற அந்த நிதியாண்டிலேயே செலவழித்தாக வேண்டும், 15 சதவீதத்துக்கு மேல் மிச்சம் வைத்தால் எதற்கு என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். புது வரித் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான கழிவே கிடையாது, அவர்களில் சிலரை இப்போது மார்ச்சிலும் காணோம். ரொக்கமாகத் தருகிறவர்களே, 2000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவு இல்லை, வங்கி வழியாக அனுப்புங்கள்.

"நூறு ரூபாயும் பிள்ளைக்கே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆடிட்டர் சும்மாவா வருவார்? நிர்வாகச் செலவைக் குறையுங்கள் என்று போன வருடம் ஒரு அண்ணன் சத்தம் போட்டார். சரி, காய்ச்சல் வந்த பிள்ளை பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த வார்டன் அக்காவின் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதட்டும்? வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு 2020-ல் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். நாம் வாங்குவதில்லை, தப்பித்தோம்.

நான் கேட்பது ஒன்றுதான்: ரசீதில் "எதற்காக" என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள், கொஞ்சமாக இருந்தாலும் மாதாமாதம் கொடுங்கள். இதோ புத்தகம், கார்பன் பேப்பர்கூட வைத்துவிட்டேன். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், போன வருட அண்ணன் முதலில் கேட்கட்டும்.