தண்டலுக்கு ஈடு கொடுக்கும் கீரை

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் பெண்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும், "அங்கே நிலம் ஏது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நிலம் இல்லாததுகூடப் பெரிய இடைஞ்சல் இல்லை. தண்டல்தான் இடைஞ்சல். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கணவரை இழந்தவர், கணவர் விட்டுப்போனவர், வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள்.

தண்டல்காரர் தினமும் வாசலில் நிற்பார். தக்காளியோ நாற்றுவிட்டு, நட்டு, பழம் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம். அதுவரை அந்தப் பெண் எதைக் கட்டுவார்? அதனால் தக்காளி, கத்திரியை நான் முதல் வகுப்பில் பேசுவதே இல்லை. சிறுகீரையில்தான் ஆரம்பம். விதைத்த 25 நாளில் பிடுங்கலாம். மொட்டைமாடியில் பை வைத்துத்தான் வளர்க்கிறோம். எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. வாரத்துக்கு நாலு பை என்று தள்ளித் தள்ளி விதைத்தால் வாராவாரம் கீரை வரும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் ஒடித்து எடுத்தால் திரும்பத் திரும்பத் தழையும்.

பத்துப் பை கீரையில் குடும்பம் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்தில் நாலு கட்டு விற்கலாம், அவ்வளவுதான். ஆனால் கையில் சொந்தக் காசு புரள ஆரம்பித்தால்தான் அடுத்த அடி வைக்கத் துணிச்சல் வரும்.

அந்த அடுத்த அடி சிப்பிக்காளான். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இந்தப் பதம் புத்தகத்தில் வராது, கைக்குத்தான் வரும். பாலித்தீன் பைக்குள் வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு என்று நிரப்பி இருட்டறையில் தொங்கவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்கக் காளான் இழை வெள்ளையாகப் படரும். பிறகு ஈரச்சாக்கு கட்டிய குடிலுக்கு மாற்ற வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பையில் முக்கால் கிலோ எடுக்கலாம். பறித்த காளானை அன்றைக்கே விற்றாக வேண்டும். யார் வாங்குவார்கள் என்று முதலில் நாலு ஓட்டலிலும் காய்கறிக் கடையிலும் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம்தான் வித்து வாங்கவே விடுவேன். பயிற்சி முடிந்த அன்றே சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. விற்கத் தெரியாதவருக்கு வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது அவர் தலையில் இன்னொரு கடனை ஏற்றுவது.

உரத்துக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்களிடம் குடலும் செதிலும் கூடை கூடையாகச் சேரும். எடைக்கு எடை வெல்லம் சேர்த்து, பிளாஸ்டிக் வாளியில் மூடி நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் போனதும் தேன் நிறத்தில் வடியும். அதுதான் மீன் அமிலம். "நாறுமே, ஓனர் வூட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரேக்கா" என்று பயந்த ஒருவர், வாளியைத் திறந்து மோந்துவிட்டு, "பஞ்சாமிர்த வாசனை வருதுக்கா" என்றார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். இதைப் பாட்டிலில் அடைத்து மற்ற மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்பதில் கீரையைவிடக் காசு நிற்கும்.

மண் விஷயத்தில் மட்டும் நான் கறார். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைக்கழிவும் சாம்பலும் பல வருஷமாகப் படிந்த தரையில் கீரை போட வேண்டாம். ஈயம், காட்மியம் போன்றவற்றைக் கீரை இலைக்கே இழுத்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். பையில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் போட்டு வளர்ப்பதுதான் நல்லது. பாரமும் குறைவு, ஈரமும் நிற்கும். குடத்தில் தண்ணீர் தூக்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். திருவொற்றியூர்க் கரையோரம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாலக் போடுங்கள், கொஞ்சம் தாங்கும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் செடிக்கு விடுங்கள்.

மாடித்தோட்டத் தளைகளை, அதாவது பை, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பை, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவருகிறது. வாங்குவதற்கு முன்னால் மாடி யாருடையது என்று பேசிவிடுங்கள். வாரிய அடுக்குமாடி என்றால் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. குழுவாகப் போய்க் கேட்டால் தகராறு வராது. தனியாள் பை வைத்தால் துணி காயப்போடும் இடத்துக்கே சண்டை வந்துவிடும்.

இப்போது புரட்டாசி. மழைக்கு முன்னால் கீரை விதைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களின் குளிர்ச்சி காளானுக்குத் தோதானது. மீன் அமிலத்துக்கும் இந்த மாதம் சரிப்படாது, பாதி ஊர் கவுச்சியை விட்டிருக்கிறது, கழிவு கம்மி. ஐப்பசி பிறந்து கடைக்குக் கூட்டம் திரும்பியதும் வாளியைப் போட்டு வைத்தால், தை மாதக் கீரைக்குக் கையில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.