எண்ணெய்க்கு விடும் இடம்

வணக்கம் நேயர்களே. கார் எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது பேரிங் மாற்றுவதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பேரிங் என்றதும் சக்கரத்தில் இருக்கும் பால் பேரிங்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எஞ்சினுக்குள் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது பெரும்பாலும் அந்த வகை இல்லை. அரைவட்டமாக வளைந்த இரண்டு தகடுகள், அவ்வளவுதான். ஷெல் என்று சொல்வோம். முதுகுப் பக்கம் எஃகு. உள்பக்கத்தில் தகரம் கலந்த அலுமினியமோ செம்புக் கலவையோ மெல்லிய அடுக்காக இருக்கும். உருள்வதற்கு அதில் எதுவுமே கிடையாது.

அப்படியானால் ஷாஃப்ட் எதன் மேல் சுற்றுகிறது? எண்ணெயின் மேல். 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் பேரிங் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் துளை வழியாக எண்ணெய் மேலே வந்தது. அடைப்பான் வைத்துப் பார்த்தார். அதையும் வெளியே தள்ளிவிட்டது. அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார். சுற்றும் ஷாஃப்ட் எண்ணெயைக் குறுகலான பக்கத்துக்கு இழுத்துப் போகிறது. அங்கே நெருக்கப்படும் எண்ணெய் ஷாஃப்ட்டையே தூக்கிப் பிடிக்கிறது. எஞ்சின் சீராக ஓடும்போது இந்த பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. தொட்டால் தேய்மானம்தான்.

ஆகவே பேரிங் மாற்றுவது என்றால் எண்ணெய்க்குச் சரியான இடம் விடுவது. ஷாஃப்ட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டுக்கு 0.05 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளின் தடிமனில் பாதி. இதைவிட மிகவும் குறைந்தால் சூடாகி இறுகும். கூடினால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிவிடும். ஒழுகும் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. தேய்ந்த எஞ்சினில் சூடான பிறகு ஐடிலிங்கில், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுக்குவது பல சமயம் இதனால்தான்.

சரி, எஞ்சினைப் பிரித்தாயிற்று. பழைய ஷெல்லை உடனே குப்பையில் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வரிசையாக வைத்துப் பாருங்கள். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் மேல் ஷெல்லும், கிராங்க்கை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ் ஷெல்லும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் அது இயல்பு. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே அழுத்தும் சுமை அங்கேதான் விழுகிறது. சுற்றுவாக்கில் கீறல் கீறலாக இருந்தால் எண்ணெயில் தூசி ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட் ஒரு பக்கம் சிறுத்திருக்கலாம். முகம் இழுபட்டுப் பளபளவென்று உருகினதுபோல் இருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. ஷெல்லைத் திருப்பி முதுகையும் பாருங்கள். அங்கே ஒரு கரும்புள்ளியும், அதற்கு நேர் எதிரே உள்முகத்தில் தேய்ந்த திட்டும் இருந்தால், போன முறை மாட்டியவர் துடைக்காமல் மாட்டியிருக்கிறார். காரணம் தெரியாமல் புதிய ஷெல் போட்டால் அதே காரணம் அதையும் தின்றுவிடும்.

அடுத்து மைக்ரோமீட்டர், நுண்ணிய அளவுகளை அளக்கும் கருவி. ஷாஃப்ட்டில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதியை ஜர்னல் என்போம். ஒவ்வொரு ஜர்னலையும் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. இரண்டு ஓரத்திலும், குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். முட்டை வடிவமாகவோ சரிவாகவோ தேய்ந்திருந்தால் கிராங்க் கிரைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான். வழக்கமாக 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைப்பார்கள். அதற்கான ஷெல்லை அண்டர்சைஸ் என்பார்கள். ஷாஃப்ட் சிறுத்த அளவுக்கு ஷெல் தடித்திருக்கும். கிரைண்டிங் முடிந்த ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளைகளுக்குள் தூரிகை விட்டுக் கழுவியே ஆக வேண்டும். அரைத்த தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாட்டும்போது ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் உள்முகத்துக்கு மட்டும். மேல் மெயின் ஷெல்லில் உள்ள துளை பிளாக்கின் எண்ணெய்த் துளைக்கு நேராக வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். துளை இல்லாத ஷெல்லை மேலே போட்டுவிட்டால் அந்த ஜர்னலுக்கு எண்ணெய் நின்றுபோகும். ஷெல்லின் மறுபாதியைப் பிடித்து போல்ட்டால் இறுக்கும் மூடிகளான கேப்களை இடம் மாற்றக் கூடாது. கேப்பை முறுக்கி வைத்துத்தான் பிளாக்கில் பேரிங் உட்காரும் வட்டத் துளையையே கடைந்திருக்கிறார்கள். எண்ணும் அம்புக்குறியும் பார்த்து மாட்டுங்கள்.

ஷெல்லை உட்கார வைத்ததும் அதன் முனைகள் மிகச் சிறிது மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சிலர் அதைப் பிழை என்று நினைத்து அரம் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். கேப்பை இறுக்கும்போது அந்த நீட்டல்தான் நெருக்கப்பட்டு ஷெல்லை அசையாமல் பிடிக்கிறது. ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு இடம் காட்டத்தான். அதேபோல், தேய்ந்த ஷெல்லுக்குப் பின்னால் தாள் வைத்து இறுக்கும் பழக்கம். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் சூடு வெளியேற வழியில்லாமல் ஷெல் சுழன்று ஷாஃப்ட்டையும் கெடுக்கும். வண்டியை நம்பிக் கொடுத்தவருக்கு அப்படிச் செய்யக் கூடாது.

இடைவெளியைச் சரிபார்க்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு இழை கிடைக்கிறது. எண்ணெய் இல்லாத ஜர்னல் மேல் நீளவாக்கில் வைத்து, கேப்பை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, திரும்பக் கழற்றுங்கள். நடுவில் ஷாஃப்ட்டைச் சுற்றக் கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். இழை எவ்வளவு அகலமோ, இடைவெளி அவ்வளவு குறைவு. பார்த்த பிறகு சுரண்டாமல் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்.

கடைசி முறை மாட்டும்போது ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. எந்தக் கேப்பில் பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். முறுக்கத்தோடு கோணமும் சொல்லியிருக்கும் போல்ட்டுகள் பல இழுபட்டு நீளும் வகை. புதிதாக வாங்கிப் போடச் சொல்லியிருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் காடி உள்ள பக்கம் கிராங்க்கைப் பார்க்கட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்து ஒரு சில நொடிகளில் ஆயில் லைட் அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்சம் பொடி இருக்கலாம். மினுமினுக்கும் செதில் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கீழே எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.