திங்கட்கிழமைத் தலைவலி

வணக்கம். முப்பது வருடங்கள் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். அந்த முப்பது வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இது: "இந்த ரெண்டாவது மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளாதீங்க." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள்.

படியேறினால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகுவதால் வருகிற இந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர். அது வராமல் தடுக்கத் தினமும் விழுங்கும் மருந்துகளில் ஒன்று ஐசோசார்பைடு மோனோநைட்ரேட். வந்துவிட்ட வலியை அடக்க நாக்குக்கு அடியில் வைப்பது நைட்ரோகிளிசரின். இரண்டும் ஒரே குடும்பம்.

நைட்ரோகிளிசரின் என்றால் வெடிமருந்தாயிற்றே என்பீர்கள். அதேதான். மாத்திரையில் இருப்பது துளியிலும் துளி, வெடிக்காது, பயப்பட வேண்டாம். டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதை எழுதிக்கொடுத்தார்கள். விதியின் வேடிக்கையைப் பாருங்கள் என்று அவரே 1896-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்குப் பிடித்தது நோபல் கதையல்ல, வெடிமருந்து ஆலைத் தொழிலாளிகளின் கதை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் அவர்களுக்குத் தலை பிளக்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போன மருந்து தலையின் ரத்தக்குழாய்களை விரித்துவிடும். இரண்டு மூன்று நாளில் வலி தானாகப் போய்விடும். ஞாயிறு விடுமுறை. திங்களன்று மறுபடியும் வலி! இதற்குத் தப்பிக்க, சிலர் விடுமுறையிலும் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போனார்களாம்.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? உடம்பு இந்த மருந்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். பழகிவிட்டால் தலைவலியும் வராது, நெஞ்சுவலியும் அடங்காது. நடுவில் ஓர் இடைவெளி விட்டால் பழக்கம் விட்டுப்போய் மருந்து மறுபடி வேலை செய்யும். அதனால்தான் தினமும் சில மணி நேரம் மருந்தில்லாமல் விடுகிறோம். சாதாரண மோனோநைட்ரேட் மாத்திரை என்றால் காலையில் எழுந்ததும் ஒன்று, ஏழு மணி நேரம் கழித்து இன்னொன்று. மெதுவாகக் கரையும் வகை காலையில் ஒரே ஒரு தடவை. தோலில் ஒட்டுகிற பட்டை என்றால் பெரும்பாலும் இரவில் எடுத்துவிட வேண்டும்.

ஒருவர் வந்தார். "மருந்து சரியில்ல சார், வலி நிக்கல, டோஸ் கூட்டணும்" என்றார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலை எட்டு, இரவு எட்டு. "ரெண்டு வேளைன்னா சரிபாதியாத்தானே பிரிக்கணும்?" நியாயமான கணக்கு, ஆனால் இந்த மருந்துக்கு அது தப்பு. மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அவர் மாற்றியது டோஸை அல்ல, நேரத்தை. உங்களுக்கு வலி இரவில்தான் வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலி திரும்பி வரும்.

அப்புறம், ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் ஒன்று. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகளை இதோடு சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவசர சிகிச்சைக்குப் போனால் கேட்காமலே சொல்லிவிடுங்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், நான் பேச இன்னும் இரண்டு நிமிடம்தானாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை விழுங்காதீர்கள். உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றால் மயக்கம் வரும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். மாத்திரை வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும், வேறு டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். பஞ்சு வைக்காதீர்கள், மூடியை இறுக்கி... ஒரு விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.