பேரேடும் டாங்கிளும்

நேயர்களுக்கு வணக்கம். 1998-லிருந்து வேலூரில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். பில் போடுகிற புரோகிராம், சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல் என்று கடை கடையாக ஏறி இறங்கியவன். "படம் வரைந்து காட்டினால்தான் புரியும் என்கிற மாதிரி எதுவும் வேண்டாம்" என்று வானொலி நிலையத்தில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று, எனக்கும் படம் வரையத் தெரியாது. மூன்று விஷயம் துண்டுச் சீட்டில் குறித்து எடுத்து வந்திருக்கிறேன். கணக்கு, அப்டேட், இனிஷியல். முதல் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாங்கு பஜாரில் வயசான மண்டிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு, முதல் பக்கத்து மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி. கணக்கப்பிள்ளை கோபித்துக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிடுவார். அடுத்த நாள் இன்னொருவர் வந்து அதே பேரேட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவார். பேரேட்டை விற்ற ஸ்டேஷனரிக் கடை மூடிப் போய்விட்டது என்பதற்காக, குடியாத்தத்துக்காரர் தர வேண்டிய பாக்கி காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வெல்ல மண்டி வைத்திருக்கிறார். 2005-ல் ஒரு கம்பெனியிடம் கணக்கு சாஃப்ட்வேர் வாங்கினார். அதோடு டாங்கிள் என்று ஒன்று கொடுத்தார்கள். கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. அந்தக் காலத்தில் பிரிண்டர் வயர் சொருகுகிற அகலமான ஓட்டையில் அதைச் சொருகினால்தான் கணக்கு திறக்கும். பெரியவர் ராத்திரி கடையைச் சாத்தும்போது கல்லாச் சாவியோடு சேர்த்து அதையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போவார். ஆயுத பூஜைக்குத் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு டாங்கிளுக்கும் ஒரு பொட்டு வைப்பார். நான் சிரிப்பேன். சிரித்திருக்கக் கூடாது.

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பழைய சாஃப்ட்வேரில் அதற்கு இடமில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், புது வெர்ஷன் வாங்க வேண்டும், பழைய கணக்கை மாற்றித் தரத் தனிக் காசு என்றார்கள். சரி என்று இவர் பணம் புரட்டுவதற்குள் அந்தக் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டார். வாங்கினவர், அந்தச் சரக்கு இப்போது எங்களிடம் இல்லை என்றார். அதே மாசம் கடைக் கம்ப்யூட்டரும் வேலூர் வெயிலுக்குப் படுத்துக்கொண்டது. புதுசாக வாங்கின கம்ப்யூட்டரில் அந்த அகல ஓட்டையே கிடையாது. டாங்கிள் இருக்கிறது, பொட்டு இருக்கிறது, சொருக இடமில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "தம்பி, பன்னெண்டு வருச கணக்கு உள்ள கீது. என் கணக்க நானே பாக்க முடியலன்னா இன்னாபா நியாயம்?"

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உள்ளே பார்த்தேன். எண்களை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டேன். ஆனால் பெயர்கள்? அத்தனையும் கிறுக்கல். காரணம் சொல்கிறேன், படம் தேவையில்லை. பாமினி என்கிற எழுத்துரு பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் அம்மா என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் அம்மா. எடுத்துவிட்டால் எம் கே அரைப்புள்ளி. பாமினியாவது ஊரறிந்தது. இந்தக் கம்பெனி தனக்கென்று ஓர் எழுத்துரு செய்து, எந்தக் குறி எந்த எழுத்து என்பதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. அந்த எழுத்துருவும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும்.

பெரியவரிடம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த பழைய பாக்கிப் பட்டியல் ஒரு கட்டு இருந்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் காகிதம். அவர் பேப்பரிலிருந்து "வாணியம்பாடி, நாலாயிரத்து இருநூறு" என்று வாசிப்பார். கோப்பில் நாலாயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில் இருக்கும் கிறுக்கலை நான் எடுத்து, இது வா, இது ணி என்று குறித்துக்கொள்வேன். இரண்டு மொழியில் வெட்டின கல்வெட்டைப் படிக்கிற மாதிரி மூன்று நாள். எல்லாம் பிடிபட்டது, ஒரே ஒரு குறி மட்டும் மசியவில்லை. பெயரின் தொடக்கத்தில் மட்டும் வரும், நடுவில் வரவே வராது. பட்டியலில் முக்கால்வாசிக்கு அதுதான் முதல் எழுத்து. நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏம்பா, நம்ம ஊர்ல பாதி கடைக்கு முன்னாடி ஸ்ரீ தானே போடுவான்?"

ஸ்ரீதான்!

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வைத்துக் கொடுக்கிற ஏற்பாடு யூனிகோட். அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தபோதே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் அகரத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண். 2010-ல் தமிழ்நாடு அரசே யூனிகோடுக்கு மாறும்படி ஆணை போட்டது. விண்டோஸ் 98 காலத்தில் யூனிகோட் தமிழ் திரையில் ஒழுங்காக வராது, அப்போது சொந்த எழுத்துரு வைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2005-ல் அந்தச் சாக்கு செல்லாது. பாதி சோம்பேறித்தனம், பாதி பூட்டு.

யூனிகோடிலும் கூத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். வேலூர் நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு. வ ஒன்று, அதன் கொம்பு ஒன்று, ல ஒன்று, அதன் சுழி ஒன்று, ர ஒன்று, தலையில் புள்ளி ஒன்று. பெயர் இருபது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதுகிற நிரலாளர்களுக்கு இது தெரிவதே இல்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கிற எஸ்.எம்.எஸ்., தமிழில் 70-லேயே நிரம்பிவிடுவதும் இதே குடும்பத்துச் சங்கதி. தீபாவளி வாழ்த்தைத் தமிழில் அனுப்பின கடைக்காரருக்கு இரண்டு எஸ்.எம்.எஸ். காசு.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2001-ல் ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதின நிரலில் ஒரு வரி போட்டிருந்தேன். வருஷப் பராமரிப்புக் காசு வராவிட்டால் ஏப்ரல் 1-ம் தேதி பில் அடிக்காது. காசு வந்துவிட்டது, நான்தான் அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். புதுக் கணக்கு போடுகிற நாள், கடை நிறையக் கூட்டம், பில் வரவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. பையனை அனுப்பி கைப் பில் புத்தகம் வாங்கி வரச் சொல்லி, என் கண் எதிரே எழுத ஆரம்பித்தார். அன்றைக்குப் பட்டது இன்னும் உறைக்கிறது.

பேரேட்டுக்குத் திரும்புகிறேன். நான் தொழில் பழகின பாக்ஸ்புரோ, கணக்கு நிரல் எழுதுகிற கருவி, செத்துப் பல வருஷம் ஆகிறது. 2007-லேயே மைக்ரோசாஃப்ட் இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதில் எழுதின டி.பி.எஃப். கோப்பை இன்றைக்கும் லிப்ரே ஆபிஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரில் திறக்கலாம். அதன் அமைப்பு ஊருக்கே தெரியும். கருவி செத்தாலும் கணக்கு சாகவில்லை. ஆகவே யார் எந்த சாஃப்ட்வேர் விற்க வந்தாலும் விலை பேசுவதற்கு முன்னால் கேளுங்கள்: நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனால் என் கணக்கு எந்த வடிவத்தில் என் கைக்கு வரும்? அங்கேயே ஒரு பென் டிரைவில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழிப்பார்கள். முழிக்கட்டும்.

இப்போது டாங்கிள் இல்லை, மாசச் சந்தா. பிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், போட்டோஷாப்பை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்ட காலம் உண்டு. 2013-ல் அதைச் செய்கிற அடோபி கம்பெனி, இனிப் புதுப் பதிப்பெல்லாம் சந்தாவுக்குத்தான் என்றது. சொந்த வீட்டுக்காரனை ஒரே நாளில் வாடகைக்காரன் ஆக்கின கதை. போக்கியமாக இருந்தாலாவது காலி செய்யும்போது கொடுத்த பணம் திரும்பும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அப்டேட் பற்றி ஒரு மூச்சு. 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி தப்பான ஒரு கோப்பை அனுப்பி, ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கைப் பில் புத்தகம்தான், வேறென்ன. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் நூறு பேருக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். இதில் நிறையச் சொல்ல வைத்திருந்தேன், போகட்டும்.

இனிஷியல். ஒரு நிமிஷம் இருக்கிறதாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். படிவம் அதை ஒத்துக்கொள்ளாது, கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் எழுதும். அதனால் என் விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் அப்பாவுடையது. துபாயில் கவுண்டருக்கு என்னைக் கூப்பிட்டதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அப்பா உயிரோடு இருந்தவரை சென்னைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வணக்கம்.