பாட்டு நின்ற பிறகு கேட்கும் ராஜா

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

சினிமா பற்றிக் கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்ம வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் எத்தனை படம் பிடித்திருக்கிறார்கள்! ஆனால் படப்பிடிப்பைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற ரீரெக்கார்டிங் நடப்பது சென்னையில், நம் கண்ணுக்குப் படாத இடத்தில். அதனாலோ என்னவோ, இளையராஜா ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு 1976இல் வந்த 'அன்னக்கிளி' பாட்டில் தொடங்கி, இன்னொரு பாட்டில் போய் முடிந்துவிடுகிறது. உணர்ச்சிப் படங்களில் அவர் செய்த பெரிய வேலை பாட்டுக்கு வெளியே இருக்கிறது என்பது என் கட்சி.

விருதுகளையே பாருங்கள். 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' மூன்றுக்கும் தேசிய விருது கிடைத்தது. மூன்றுமே ஆட்டமும் பாட்டுமே கதையாக உள்ள படங்கள். பின்னணி இசைக்கென்று அவருக்கு விருது வந்தது 'பழசி ராஜா'வுக்கும், அப்புறம் 'தாரை தப்பட்டை'க்கும். எவ்வளவு தாமதம்!

சரி, 'வீடு' படத்துக்கு வருவோம். 1988, பாலு மகேந்திரா இயக்கியது. பாட்டே கிடையாது. அதில் வரும் இசை அந்தப் படத்துக்காகப் போட்டதும் இல்லை. 1986இல் ராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து எடுத்து வைத்தது. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

இங்கே ரசிகர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. "ஏற்கெனவே இருந்த இசையை எடுத்து வைத்தது டைரக்டர்தானே, ராஜாவுக்கு இதில் என்ன பெருமை?" என்பார்கள். நியாயமான கேள்வி. எந்த இடத்தில் வைப்பது என்று கண்டுபிடித்தது பாலு மகேந்திராதான், மறுக்கவில்லை. ஆனால் 'இப்போது அழு, இப்போது சிரி' என்று கட்டளை போடாத இசை அது. அதனால்தான் கிழவரின் சந்தோஷத்திலும் ஒட்டுகிறது, பேத்தியின் கடன் கவலையிலும் ஒட்டுகிறது. அப்படி ஓர் இசையைப் படைத்தவருக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு கட்சி, சோகக் காட்சி வந்தாலே அவர் வயலின் கூட்டத்தை இறக்கிவிடுகிறார் என்று குறைப்படுகிறது. சில படங்களில் எனக்கும் அது தோன்றியிருக்கிறது. ஆனால் காட்சியைப் பார்க்காமல் இசையை மட்டும் எடை போடக்கூடாதுங்க. 1992இல் வந்த நம்ம வட்டாரக் கதை 'சின்னக் கவுண்டர்'. மொய் விருந்தில் இலைக்கடியில் தாலி இருக்கிறது. ஊரே பார்த்து நிற்கிறது. பந்தலில் நடக்கிற கதைக்குப் பந்தல் அளவு சத்தம் வேண்டும். 'வீடு' ஒரு மனுசனுக்குள் நடக்கிற கதை, அதற்கு அந்தச் சத்தம் ஆகாது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்து நாம் சண்டை போடுகிறோம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தாத்தா காட்சியை ஒரு தடவை சத்தமில்லாமல் ஓடவிடுங்கள், அப்புறம் சத்தத்தோடு பாருங்கள். என் பேச்சில் உடன்பாடு இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். நன்றிங்க.