கொசுறாக வந்த பாட்டு

(சேலத்தில் பழைய இசைத்தட்டு ரசிகர்கள் நடுவே பேசியது)

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தவர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தவர்களுக்கும் வணக்கம்.

விளம்பரத்துக்காகப் பலருடைய பாட்டைச் சேர்த்துப் போட்ட தொகுப்புத் தட்டு என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

1961இல் அமெரிக்காவில் குட்இயர் டயர் கம்பெனி தன் கடைகளில் ஒரு டாலருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டு விற்றது. தட்டுக்கு வருகிறவர் டயரையும் பார்ப்பார் அல்லவா! காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. அங்கே கறிவேப்பிலையைக் காட்டிக் காய்கறி வியாபாரம்.

வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் வழி வேறு. 1969 முதல் 1980 வரை, பாட்டை விற்கப் பாட்டையே கொடுத்தார்கள். ஆரம்பத்தில் இரண்டு தட்டு இரண்டு டாலர், தபாலில் வீட்டுக்கே வரும். அன்று அவ்வளவாக விலைபோகாத பாடகர்களான ராண்டி நியூமனையும் வான் டைக் பார்க்ஸையும் பேர் வாங்கியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கூட வந்த குறிப்புகளில் தங்கள் கம்பெனியையே கிண்டலடித்தார்கள். இப்படிப்பட்ட வியாபாரியிடம் ஏமாந்தாலும் பரவாயில்லை.

கே-டெல் என்ற தொகுப்புத் தட்டுக் கம்பெனி அப்படியல்ல. கனடாவின் வின்னிபெக்கில் அதை நடத்திய ஃபிலிப் கைவ்ஸ், டிவியில் வாணலியும் காய் நறுக்கியும் விற்றவர். 1966 முதல் பாட்டையும் அதே வேகத்தில் விற்றார். ஒரே தட்டில் இருபது ஹிட்! ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்குள் இருந்தால்தான் தட்டு நன்றாகப் பாடும். பத்துப் பாட்டைத் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தம் இறங்கிவிடும். போதாததற்குப் பாட்டையும் கத்தரித்தார்கள். நடுவில் வரும் கிட்டார் காணாமல் போகும். கடைசிச் சரணம் தொடங்கும்போதே தேய்ந்து மறையும்.

சிரிக்காதீர்கள். நம்மூர் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கினோமே, அதில் மட்டும் என்ன? பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஏழாவது பாட்டு பல்லவி தாண்டியதும் நாடா தீர்ந்து 'டக்'. அந்தப் பாட்டை இன்று முழுசாகக் கேட்டாலும் என் காது அதே இடத்தில் நின்றுவிடுகிறது. இன்னொன்று, கே-டெல் உரிமை வாங்கிப் போட்டது. நாம் யாருக்கும் காலணா கொடுக்கவில்லை.

வாசலில் ஒரு தம்பி கேட்டார்: வானொலிக்காரர்களுக்கு இலவசமாக அனுப்பி, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை போட்ட தட்டை வாங்கலாமா? யுனிவர்சல் மியூசிக் என்ற இசைக் கம்பெனி இதே விஷயத்தில் வழக்குப் போட்டுத் தோற்றது. கேட்காமலே அனுப்பிய சிடி, பெற்றவருக்கே சொந்தம், அதை விற்கலாம் என்று 2011இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே நீங்கள் முத்திரையை விட்டுவிட்டு, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.